ஒட்டுப்போட்ட பழைய லாரிக்கு எந்த வழியில் ஆர்.சி.?

எங்கள் ஷெட்டில் நிற்கும் லாரியின் சேஸ், அதாவது அடிச்சட்டம், 1972-ல் பதிவான லேலண்ட் காமெட். எஞ்சின் டாடா. கேபின் வேறொரு லேலண்டில் இருந்து கழற்றியது. பின் ஆக்சில் எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்கே நினைவில்லை. வண்டி நன்றாக ஓடும். ஆனால் ரோட்டில் இறக்க முடியாது, ஏனென்றால் ஆர்.சி. புக்கில் எழுதியிருக்கும் எஞ்சின் பழைய இரும்புக்குப் போய் இருபது வருடம் ஆகிறது.

இப்படி வண்டி வைத்திருப்பவருக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டு, அலைந்து பார்த்தபின் எழுதுகிறேன்.

பலரும் முதலில் சொல்வது விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புது நம்பர் என்றால் மாநில எழுத்துக்கு அப்புறம் 'விஏ' வரும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. எங்கள் லாரிக்கு வயதும் இருக்கிறது. ஆனால் அந்த விதியின் உயிரே 'அசல் நிலை' என்ற சொல்லில்தான் இருக்கிறது. சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அது போக, விதி பேசுவது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பற்றி. சரக்கு லாரிக்குப் பொருந்துமா என்பதை ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கிடைத்தாலும் கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் பங்க், பட்டறை இவற்றுக்குத்தான் ஓட்டலாம். வாடகைக்கு லோடு அடிக்க முடியாது. அசல் எஞ்சினோடு, அசல் பாடியோடு தாத்தா காலத்துக் கார் வைத்திருப்பவருக்கு இது அருமையான வழி. ஒட்டுப்போட்ட வண்டிக்கு இல்லை.

அடுத்தது புரோக்கர் சொல்லும் வழி. "செத்த வண்டி ஆர்.சி. ஒண்ணு இருக்கு, சேஸ் நம்பரை வெட்டி அடிச்சிடலாம்" என்பார். செலவு குறைவு, வேலை ஒரே வாரம். தயவுசெய்து இந்தப் பக்கம் போகாதீர்கள். சேஸ் நம்பரை மாற்றிய நிமிடமே அது திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும்தான். அடிபட்டவர் குடும்பத்துக்குப் போக வேண்டிய பணம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

மூன்றாவது, அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துவிடுவது. வண்டியை ஒப்படைத்ததற்கு அவர்கள் தரும் டெபாசிட் சான்றிதழைக் காட்டினால், அடுத்து வாங்கும் புது வண்டியின் சாலை வரியில் சலுகை உண்டு: சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை. சேஸ் துருப்பிடித்து வளைந்திருந்தால் இதுதான் நியாயம். எங்கள் சேஸ் நேராக இருக்கிறது, அதனால் மனம் வரவில்லை.

மிச்சம் இருப்பது நேர் வழி: சேஸின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, எஞ்சின் மாற்றத்தை அதில் பதிய வைப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பது அடிப்படை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனால் எஞ்சின் மாற்ற அனுமதி கேட்கலாம். அதே கம்பெனி, அதே வகை எஞ்சின் என்றால் பேச இடம் இருக்கிறது. பத்து லாரிக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவு தர முடியும் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு லாரிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. அனுமதியில்லாமல் மாற்றிவிட்டு மாட்டினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஆக, லேலண்ட் சேஸில் டாடா எஞ்சினை வைத்துக்கொண்டு எந்தக் கவுன்டரிலும் நிற்க முடியாது என்பது புரிந்தது. கேபின் பிரச்சினை அவ்வளவு இல்லை, அதுவும் லேலண்ட்தான். எஞ்சின்தான் மறுபடி லேலண்டாக மாற வேண்டும்.

அதற்கு முன்னால் சேஸ் நம்பர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். இதை நான் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் வலப்பக்கச் சட்டத்தில், முன்சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. விரல் தடிமனுக்கு கிரீசும் மண்ணும் இறுகிக் கிடந்தன. மேஸ்திரி கிரைண்டரை எடுக்கப் போனார், நான் கையைப் பிடித்துவிட்டேன். கிரைண்டர் பட்டால் எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெய்த் துணியில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினோம். கறுப்புக்குள் இருந்து வெள்ளை வெள்ளையாக எண்கள் எழும்பி வந்தன. கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியாமல் நாலு தாள் எடுத்தோம். எட்டு. ஆர்.சி.யிலும் எட்டுதான். அப்பா அந்தத் தாளை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

இந்த வழியிலும் செலவு குறைவில்லை. லாரிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இல்லாவிட்டால் பதிவே செல்லாது, அதை வருடாவருடம் எடுக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாய் ஆனது, அதற்கப்புறமும் ஏறியிருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் தேற வேண்டும். லோடு அடித்து இந்தப் பணத்தை எடுப்பது கஷ்டம். இருந்தாலும் நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். வேறு எந்த வழியிலும் இந்த வண்டி இதே வண்டியாக ரோட்டுக்கு வராது.

இப்போது பழைய காமெட் எஞ்சின் தேடிக்கொண்டிருக்கிறோம். விலை பேசுவதற்கு முன் கேட்பது மூன்று: விற்பவர் பெயரில் ரசீது, அந்த எஞ்சின் இருந்த லாரியின் ஆர்.சி. ரத்தான உத்தரவு, அது திருட்டு வண்டி இல்லை என்ற போலீஸ் சான்று. மூன்றில் ஒன்று இல்லாததால் இதுவரை இரண்டு எஞ்சின்களை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அதில் ஒன்று ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது.