நாலு விரற்கடை: கூன் முதுகோடு 16 மாத அனுபவம்

குதிகால், இடுப்பு, முதுகு மூன்றும் சுவரில் ஒட்டும்படி நின்றால் பின்னந்தலையும் சுவரில் பட வேண்டுமாம். எனக்குப் படவில்லை. நடுவே நாலு விரல் தாராளமாகப் போனது. போன வருஷம் தை கடைசியில் அளந்தது என் மகள். "இன்னும் ஒரு விரல்கூடப் போகுமாட்டம் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சேலம் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டு முன்னறையும், நானும், இரண்டு வேலைப் பையன்களும்தான். 24 வருஷமாக ஒரே உட்காரல். தரையில் சம்மணம், மடிக்கு மேலே தொங்குகிற தலை, வளையத்தில் வளையம் கோர்த்துப் பொடி வைத்து, நெருப்பை ஊதிப் பற்றவைக்கிற வேலை. சாதாரண நாளில் பத்து மணி நேரம், தீபாவளிக்கு முன்னால் கணக்கே கிடையாது. எங்கள் தெருவில் ஒருவரைப் பின்னாலிருந்து பார்த்தாலே எத்தனை வருஷமாகத் தொழிலில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

வலி என்று தொடங்கியது 40 வயதுக்குப் பிறகு. முதலில் கழுத்தடி, அப்புறம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு எரிச்சல், சாயங்காலமானால் தலைவலி. தைலம் தேய்த்தேன். சுளுக்கு எடுக்கிறவரிடம் போய்க் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டேன். இரண்டு நாள் சொர்க்கம், மூன்றாம் நாள் பழையபடி. அப்புறம் ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு தோள் பெல்ட் வாங்கினேன். மாட்டினால் மார்பு விரியும், நிமிர்ந்துவிடுவோம், சரிதான். ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு கேஸ் நெருப்புக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள். அக்குளில் வேர்க்குரு வெடித்ததுதான் மிச்சம். அதைவிட மோசம், கழற்றிய மறு நிமிடம் தோள் பழைய இடத்துக்கே வந்து விழுந்தது. பெல்ட் வேலை செய்கிறபோது தசை எதற்கு வேலை செய்யும்?

கடைசியாகத்தான் அரசு மருத்துவமனை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் "வயசுக்குத் தகுந்த தேய்மானம்தான், பயப்படாதீங்க" என்று சொல்லிப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு வயது முப்பதுகூட இருக்காது. என் தொழிலைக் கேட்டுக்கொண்டு, என் பாஷையிலேயே விளக்கினார்.

"அண்ணா, உங்க தலை ஏறக்குறைய 5 கிலோ. 5 கிலோ வெள்ளியைக் கையில வச்சிக்கிட்டு, கையை மார்போட ஒட்டி வச்சா எவ்ளோ நேரம் நிப்பீங்க? அதே கையை முன்னால நீட்டினா?"

முன்னால் நீட்டினால் ஒரு நிமிஷம் தாங்காது. நான் 24 வருஷமாக நீட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில், கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014இல் இதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறார். தலை நேராக இருந்தால் கழுத்தெலும்பின் மேல் 5 கிலோ பாரம். 60 டிகிரி குனிந்தால் சுமார் 27 கிலோ. கணினியில் போட்ட மாதிரிக் கணக்குதான், உங்கள் கழுத்தையும் என் கழுத்தையும் யாரும் எடைபோடவில்லை. இருந்தாலும் எங்கள் பையன்களிடம் சொன்னபோது இருவரும் தானாகவே நிமிர்ந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததில் நான் தொடர்ந்து செய்கிறது ஐந்து. காலையில் பல் விளக்கியதும் பாயை விரித்து, ஒரு துண்டைச் சுருட்டித் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுக்கிறேன். கையை இரண்டு பக்கமும் விரித்து, மூச்சை மெதுவாக விட்டு, மூன்று நிமிஷம். முதல் வாரம் இதுவே வலித்தது. துண்டைப் பாதிச் சுருட்டாக்கிக்கொண்டேன். பிறகு முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி இறக்குவது, பத்துத் தடவை. கழுத்துக்கு வந்தவனை எதற்கு இடுப்பைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். நாள் முழுக்கச் சம்மணம் போடுகிறவனுக்குப் புட்டத் தசை தூங்கிப்போயிருக்கும், அடித்தளம் சாய்ந்தால் மேல்மாடி எப்படி நேராக நிற்கும் என்றார்.

எழுந்து நின்று, நிலைக்கதவின் இரண்டு பக்கமும் முன்கையை ஊன்றி ஒரு காலை முன்னே வைத்து மார்பைத் தள்ளுவது அரை நிமிஷம். சுவரில் முதுகை ஒட்டிக் கைகளை 'ஹேண்ட்ஸ் அப்' மாதிரி வைத்து மேலும் கீழும் தேய்ப்பது பத்துத் தடவை. இது பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். எனக்கு முதல் மாதம் முழங்கை சுவரைத் தொடவே இல்லை.

ஐந்தாவதுதான் உயிர். தாடையை நேராகப் பின்னுக்கு இழுப்பது. குனியவும் கூடாது, அண்ணாக்கவும் கூடாது. இரட்டைத் தாடை தெரிகிற மாதிரி இழுத்து ஐந்து எண்ணிவிட்டு விடுவது. இதை ஒரு நாளில் ஒரே மூச்சில் ஐம்பது செய்வதைவிட, பத்துப் பத்தாகப் பிரித்துச் செய்வதுதான் பலன் என்றார். கைபேசியில் மணி வைத்தேன், எரிச்சலாகி அணைத்தேன். அப்புறம் ஒரு வழி பிடித்தேன். ஊதி முடித்த துண்டு ஆறுகிற நேரமும், கொலுசு கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீர் கொதிக்கிற நேரமும் எப்படியும் சும்மா இருக்கிற நேரம். அப்போது பத்து. சின்னப் பையன் ரொம்ப நாள் சிரித்தான். "என்னண்ணா, கோழி கொத்துறாப்புல!" இப்போது அவனும் கொத்துகிறான்.

எல்லாம் சேர்த்துக் காலையில் 12 நிமிஷம். செலவு, ஒரு பழைய துண்டு.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் சாயங்காலத் தலைவலி வருவது குறைந்ததை நான் கவனிக்கவில்லை, என் மனைவிதான் சொன்னாள். "ஏங்க, தைல பாட்டில் அப்படியே இருக்கே?" மூன்றாம் மாதம் மூன்று விரல். இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்: அதற்கு மேல் நகரவில்லை. காலையில் நிமிர்த்தியதை நாள் முழுக்கக் குனிந்து நானே கலைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ஐந்தாம் மாதம் பட்டறைப் பலகையை உயர்த்தினேன். தச்சரிடம் சொல்லி மார்பு உயரத்துக்கு ஒரு மேஜை, முட்டுக்கு ஏற்ற ஸ்டூல். வேலையைக் கண்ணுக்குக் கொண்டுவருவது, கண்ணை வேலைக்குக் கொண்டுபோகாதது, அவ்வளவுதான் யோசனை. உட்கார்ந்து பார்த்தால் வளையம் மங்கல்! அப்போதுதான் சூட்சுமம் புரிந்தது. எனக்கு வெள்ளெழுத்து வந்து நாலைந்து வருஷமாகியிருக்கிறது. கிட்டே வைத்தால் தெரியாது என்பதால் வேலையை மடிக்குத் தள்ளித் தள்ளி, தலையைத் தொங்கவிட்டிருக்கிறேன். கண்ணாடி போட்டேன். முதுகுக்குப் பின்னால் இருந்த டியூப்லைட்டால் என் நிழலே வேலை மேல் விழுந்ததையும் பார்த்து, இடது பக்கம் ஒரு விளக்கு மாட்டினேன். அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு விரல். என்னைக் கேட்டால் உடற்பயிற்சிக்குப் பாதி, கண்ணாடிக்கும் மேஜைக்கும் பாதி மார்க் போடுவேன். கூன் என்று டாக்டரிடம் போகிற நாற்பது தாண்டியவர்கள் கண்ணையும் ஒரு நடை காட்டிவிடுவது நல்லது.

தீபாவளிக்கு முன் 25 நாள் எல்லாவற்றையும் விட்டேன். ஆர்டர் கழுத்தை நெரிக்கிறபோது கழுத்தை யார் பார்ப்பது? எரிச்சல் திரும்ப வந்தது. ஆனால் பழைய அளவுக்கு இல்லை. மீண்டும் தொடங்கிய பத்தாம் நாளே அடங்கியது. விட்டதைப் பிடிப்பது புதிதாகத் தொடங்குவதைவிடச் சுலபம் என்பது ஒரு ஆறுதல்.

இந்த மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு மலர்க்கண்காட்சிக்குப் போனோம். 20 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் கழுத்தைக் கையால் பிடித்துக்கொள்வேன். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திரும்பித் திரும்பிக் கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். சேர்வராயன் கோயிலில் குனிந்து குகைக்குள் நுழைந்து நிமிர்ந்து வெளியே வந்தபோது பழைய 'அம்மாடி' வாயில் வரவில்லை. மூச்சும் முன்னைவிட நிறைவாக வாங்குகிறது. நெஞ்சுக்கூடு மடங்கி இருந்தால் நுரையீரல் விரிய இடமில்லைதானே. சர்க்கரை, பிரஷர் எல்லாம் இதனால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு வாரம் 150 நிமிஷமாவது வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதுகு வலிக்காததால் இப்போது நடக்க முடிகிறது, என் கணக்கில் லாபம் அங்கேதான்.

என் அம்மாவுக்கு 74. நான் செய்வதைப் பார்த்து, "ஏஞ்சாமி, எனக்கும் சொல்லிக் குடுறா" என்றார். நல்லவேளை, நானே ஆரம்பிக்காமல் அந்தப் பெண்ணிடம் அழைத்துப் போனேன். அம்மாவின் கூன் தசைக்கூன் அல்ல. எலும்பு மெலிந்து, முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருக்கிறது. அவருக்கு முன்னால் வளைகிற பயிற்சி எதுவும் கூடாது. துண்டை வைத்துப் படுப்பதும் வேண்டாம் என்று, உட்கார்ந்தபடி தோளைப் பின்னுக்கு இழுப்பதும் நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காருவதும் மட்டும் கொடுத்தார்கள். வயதானவர்கள், திடீரென உயரம் குறைந்தவர்கள், கை மரத்துப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நேராகப் பாயை விரிக்க வேண்டாம்.

இப்போதும் வலி முழுக்கப் போய்விடவில்லை. ஒரே மாதிரி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் அந்த எரிச்சல் எட்டிப் பார்க்கும். எழுந்து வாசல்வரை போய்வந்தால் போகும். எவ்வளவு அழகாக நிமிர்ந்து உட்கார்ந்தாலும் அசையாமல் உட்கார்ந்தால் இதே கதைதான் என்று தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். ஒன்றரை விரல். நான் சந்தோஷப்படுவதற்குள் மனைவி, "அவ விரல் பெருத்திருக்கும்ங்க, வளர்ற புள்ள" என்றாள். நியாயம்தான். ஸ்கேல் வைத்து அளந்தோம்: 3 செ.மீ. ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது அதை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும்.