ஆப்ட், ஸ்னாப், ஃப்ளாட்பேக்: உபுண்டுவில் எதை வைத்துக்கொள்வது?

லேப்டாப்பில் உபுண்டு 24.04 லினக்ஸ் போட்டதும் முடிவு செய்ய வேண்டியிருந்தது இதைத்தான்: மென்பொருளை இறக்கி, புதுப்பித்து வைக்கும் ஆப்ட், ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்ற மூன்று வழிகளில் எது? இன்ஸ்டால் செய்ய மூன்றிலும் ஒரு வரிக் கட்டளை போதும். சாண்ட்பாக்ஸ் (ஆப்பைத் தனியே அடைத்து ஓட்டும்) பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் பார்த்தது அதற்கப்புறம் வரும் பராமரிப்பை: அப்டேட் எப்போது இறங்கும், யார் சொல்லி இறங்கும்?

என் ஓட்டு ஆப்ட்டுக்கு. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தானாக இறங்கும், மற்றவை நான் கேட்டால்தான். லைப்ரரிகள் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்கள்) பொதுவில் இருப்பதால், குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லில் ஓட்டை என்றால் அந்த ஒன்றைப் புதுப்பித்தால் போதும், அதை நம்பியிருக்கும் மற்றவைக்கும் சேர்த்துச் சரியாகிவிடும். வெர்ஷன் பழசாக இருக்கும், உண்மைதான். அதற்காக பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே பிறர் நடத்தும் பேக்கேஜ் கிடங்கு) சேர்த்தால், அடுத்த வெளியீட்டுக்குப் போகும்போது உபுண்டு அவற்றை முடக்கிவிடும். ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்க வேண்டும்.

ஸ்னாப் நாளுக்கு நான்கு முறை தானே அப்டேட் தேடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவருக்கு இது வயிற்றெரிச்சல். பிரவுசரை மூடாமல் வைத்திருந்தால் 'மூடுங்கள், இன்னும் 13 நாள்' என்று அறிவிப்பு வரும். பழைய பதிப்பையும் ஒன்று டிஸ்கில் வைத்திருக்கும். ரெஃப்ரெஷ் ஹோல்டு போட்டு நிறுத்தலாம்தான், ஆனால் அப்புறம் பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிடும்.

22.04 முதல் ஃபயர்பாக்ஸை ஆப்ட்டில் கேட்டாலும் ஸ்னாப்தான் வரும். ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லாவே 2024 ஜனவரி முதல் அதன் நிலையான பதிப்பைத் தன் டெப் ரெப்போவில் (ஆப்ட் இறக்கும் வகைப் பேக்கேஜ்களின் கிடங்கு) தருகிறது. அதைச் சேர்த்தால் மட்டும் போதாது. உபுண்டுவின் பெயருக்கு இருக்கும் பேக்கேஜின் வெர்ஷன் '1:' என்று தொடங்குகிறது. அந்த முன்னொட்டு இருந்தால் மோசில்லாவின் எண் எவ்வளவு பெரிதானாலும் ஆப்ட் கணக்கில் சிறிசுதான். ப்ரிஃபரன்சஸ் கோப்பில் மோசில்லா ரெப்போவுக்கு 1000 என்று முன்னுரிமை கொடுத்தால்தான் நிலைக்கும். இந்த வேலை ஒரே தடவைதான், செய்துவிடுங்கள்.

ஓபிஎஸ் (வீடியோ பதிவு), ஜிம்ப் (படத் திருத்தம்) போல புதிய வெர்ஷன் அவசியமானவற்றை ஃப்ளாட்பேக்கில் வைத்திருக்கிறேன். முதல் ஆப், ரன்டைமோடு (ஆப்கள் ஓடத் தேவையான பொதுத் தொகுப்பு) சேர்த்து நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும், அதே ரன்டைமைப் பயன்படுத்தும் அடுத்தவை லேசு. என்விடியா கார்டு இருந்தால் டிரைவர் மாறும்போதெல்லாம் ஃப்ளாட்பேக்கும் தன் பங்குக்கு ஒரு பிரதி இறக்கும். தேங்கும் ரன்டைம்களை அன்இன்ஸ்டால் அன்யூஸ்டு கொடுத்து அவ்வப்போது கழிக்கணும்.

இதெல்லாம் லேப்டாப் கணக்கு. சர்வரில் ஸ்னாப்பை நான் எல்எக்ஸ்டி என்ற கன்டெய்னர் மேலாண்மை மென்பொருளுக்காகக் கொஞ்ச காலம்தான் ஓட்டியிருக்கிறேன், அப்போது தொந்தரவு எதுவும் தரவில்லை.