சொந்தமாகத் திட்டமிட்ட ஐரோப்பா: எது உழைத்தது, எது வீணானது

ஐரோப்பா போகப் போகிறோம் என்று புதுச்சேரியில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "அங்க யாரு இருக்கா?" பாரிஸ் பக்கம் சொந்தபந்தம் இருக்கிற குடும்பங்கள் நிறைந்த ஊர், கேள்வி நியாயம்தான். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. ஓட்டலில் தங்கி, ரயிலில் சுற்றிவிட்டுத் திரும்புகிற ரகம் நாங்கள். கொரோனாவுக்கு முன்பிருந்தே இப்படிப் போய்வருவதால் வாங்கிய பொருள்கள், எடுத்த அட்டைகள், கட்டிய காப்பீடுகள் எல்லாவற்றுக்கும் நல்ல வேலை கொடுத்தாகிவிட்டது. அவற்றில் எது தேறியது என்று சொல்கிறேன்.

அதிகம் உழைத்தது நேரு வீதியில் வாங்கிய ஒரு பட்டன் ஃபைல். ஷெங்கன் விசாவுக்கான காகிதங்கள் ஆண்டு முழுக்க அதில்தான் கிடக்கும். 29 நாடுகளுக்கு ஒரே விசா; எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. லண்டன் இதில் வராது. அதற்கு வேறு விசா, வேறு செலவு. "அப்படியே லண்டனையும் பார்த்துடலாமே" என்று வீட்டில் பேச்சு எழுந்தால் அன்றைக்கே கணக்கைப் போட்டுக் காட்டிவிடுவது நல்லது.

பிரெஞ்சுத் துணைத் தூதரகம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஐரோப்பா விசா என்றாலே அங்கே போய்க் கேட்டால் போதும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் 3 இரவு, இத்தாலியில் 6 இரவு என்றால் இத்தாலி. அதற்குச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். மே மாத விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் பொங்கல் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். மார்ச்சில் தேடினால் நேரம் ஒதுக்கித் தரும் தேதியே கிடைக்காமல் அல்லாடுவோம்.

வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் எல்லாரும் வைப்பதுதான். நான் மெனக்கெடுவது முகப்புக் கடிதத்துக்கு. தேதி, ஊர், ஓட்டல், ஊர் மாறும் ரயில் என்று நாள்வாரியாக ஒரு பக்கத்துக்குள் அடக்குவேன். வெனிஸ் ஓட்டல் 11-ம் தேதி முடிந்து மிலான் ஓட்டல் 12-ம் தேதி தொடங்கினால், நடுவில் உள்ள இரவு எங்கே என்று கேட்பார்கள் இல்லையா? அந்த ஓட்டையை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நாம் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பட்டியல். கடைசி வாரத்தில் மாமனாரிடம் 5 லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆறு மாதமாகச் சம்பளம் வந்து, செலவு போய், மிச்சம் நிற்கும் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

பிரான்ஸில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு வேறு பாதை. அந்த உறவினர்கள் தங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 30 யூரோ கட்டி வரவேற்புச் சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும். அது இருந்தால் ஓட்டல் பதிவு தேவையில்லை. கையில் காட்ட வேண்டிய பணமும் நாளுக்கு 32.50 யூரோவாகக் குறையும். ஓட்டல் பதிவோடு போனால் 65, இரண்டும் இல்லையென்றால் 120. அக்கா வாட்ஸப்பில் "வாடா" என்று அனுப்பிய செய்தியை அச்செடுத்து நீட்ட முடியாது.

பழைய பாஸ்போர்ட்டும் அதே ஃபைலில் இருக்கட்டும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு விதி கொஞ்சம் தளர்ந்தது. முந்தைய 3 ஆண்டுக்குள் 2 விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், 2 ஆண்டு செல்லும் பலமுறை நுழைவு விசா கிடைக்க வழி உண்டு. அதன்பின் 5 ஆண்டு. பழைய முத்திரைகள்தான் அதற்குச் சாட்சி.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை எங்கள் பெட்டி விமானத்தோடு வராமல் மறுநாள் காலை ஓட்டலுக்கு வந்தது. 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்தான் இழப்பீடு என்று கையை விரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் பார்ப்பது மருத்துவச் செலவு வரம்பை மட்டும்தான். பெட்டிக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுவதில்லை, ஆளுக்கு ஒரு மாற்றுடையைக் கைப்பையில் வைத்துவிடுகிறோம்.

அடுத்தது பணம். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு நன்றாகவே உழைத்தது. ஏற்றிய அன்றைய விலை நமக்கு உறுதி. ஆனால் அதை எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து போனால் அங்கே ஃப்ராங்க். மாற்றுக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். அங்கே போகிறவர்கள் ஃப்ராங்க்கையும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். சாதாரணக் கிரெடிட் கார்டுகளில் பல 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. கடையில் நம் ஊர்க் கிரெடிட் கார்டைக் கொடுத்தால் இயந்திரம், "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் மனசு குளிர்ந்து அதைத் தொட்டுவிடத் தோன்றும். தொடக் கூடாது. அவர்கள் போடும் மாற்று விலை எப்போதும் நமக்கு நஷ்டம். ஏடிஎம்மிலும் இதே கதை.

ரயில் பாஸ் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் நினைத்த ரயிலில் ஏறி இறங்க அருமை. பிரான்ஸின் டிஜிவி போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று நீண்ட பயணம் மட்டும் என்றால், முன்கூட்டியே தனித்தனி டிக்கெட் எடுப்பதே மலிவு. சுவிஸ் டிராவல் பாஸ் வேறு ரகம். ரயில், பஸ், ஏரிப் படகு, அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்தது; 16 வயதுக்குள் உள்ள பிள்ளைகள் பெற்றோரோடு இலவசம். விலையைப் பார்த்து மலைத்தாலும் வாங்குங்கள். இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்கு எடுத்த காகித டிக்கெட்டை, ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம், "நாங்க இந்தியா" என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

பெரிய பெட்டியை விற்றுவிட்டோம். பாரிஸ் மெட்ரோவில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுதான். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, அவரவர் தூக்கிக்கொள்வது. கழுத்துத் தலையணை, பெட்டிப் பூட்டு, மடிக்கும் தராசு மூன்றில் தராசு மட்டும் தப்பித்தது. மின்சாரம் நம் ஊர்போலவே 230 வோல்ட். மெல்லிய இரண்டு முள் செல்போன் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். மூன்று முள் கெட்டிலுக்குத்தான் அடாப்டர் வேண்டும்.

சாப்பாட்டுப் பை என் மனைவியின் துறை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த பண்ருட்டி முந்திரி எப்போதும் உண்டு. புளிக்காய்ச்சல் கைப்பையில் போனால் திரவக் கணக்கில் பிடிபடும், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நெய், பால்கோவா, இறைச்சி கலந்த கறிவகைகள் என்று ஆசைப்படுபவர்கள் கவனிக்கவும்: இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பாரிஸில் கார் து நோர் நிலையத்தைத் தாண்டி லா ஷப்பேல் பக்கம் நடந்தால் ஈழத் தமிழர் கடைகளில் எல்லாமே கிடைக்கும், விலைதான் கொஞ்சம் கூட.

பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, பேக்கேஜ்ல போனா தலைவலி இல்லையே?" என்றார். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதானால் பேக்கேஜ்தான் சரி, பஸ் வாசலில் இறக்கிவிடும், நம் சாப்பாடும் கிடைக்கும் என்றேன். அவர் போவது மனைவி, பிள்ளையோடு. 10 நாளில் 7 நாடு என்று விளம்பரத்தைக் காட்டினார். இரண்டு நாட்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, என் முகப்புக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புது முறை வந்திருப்பதால், முதலில் இறங்கும் ஊரில் அடுத்த விமானத்துக்கு 3 மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.