பென் டிரைவில் அம்புக்குறி தெரிந்தால் உடனே ஃபார்மட் போட விடாதீங்க

குமுளியில் ஏலக்காய் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில்தான் டேலி, எடைச் சீட்டு, பாக்கிக் கணக்கு எல்லாம். போன மாதம் வாடகை ஒப்பந்தம் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து வாங்கினேன். திரும்ப வந்து செருகினால், ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் குட்டி அம்புக்குறி. எல்லாமே ஒரு கேபி.

பதறிப்போய் சிபியூவைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிக் கம்பத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். இரண்டு நிமிஷம் பார்த்தார். "அண்ணே, இது ரான்சம்வேர். வொர்மா வந்து ஃபைல எல்லாம் தின்னுருச்சு. விட்டா போர்டுக்கு ஏறிடும்." ஃபார்மட், ஆன்டி வைரஸ் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். டேட்டா? "போனது போனதுதாண்ணே." பென் டிரைவையும் குப்பையில் போடச் சொன்னார். 32 ஜிபியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, நல்லவேளை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்திருந்தாள். அம்புக்குறியைத் தொடாமல் டிரைவின் பிராப்பர்ட்டீஸை மட்டும் திறந்தாள். "மாமா, ஃபைல தின்னுருச்சுன்னா 11 ஜிபி எப்படி நிரம்பிக் கிடக்கு?" வைரஸை ஸ்கேன் செய்து நீக்கிவிட்டு, கறுப்புத் திரையில் அட்ரிப் (attrib) என்று, ஒளிந்த ஃபைலை வெளியே காட்டும் கட்டளையை ஒரே ஒரு வரி அடித்தாள். ஃபோல்டர் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. என் ஃபைல்களை அது ஒளித்து மட்டும்தான் வைத்திருந்தது. அம்புக்குறி போட்டிருந்ததெல்லாம் அது வைத்த ஷார்ட்கட். நாம் அதை அழுத்தும்போது முதலில் தான் ஓடிவிட்டு, அப்புறம் உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டுமாம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது.

சர்வீஸ் கடைக்காரர் சொன்ன பெயர்கள் எல்லாம் நிஜம்தான், ஆனால் என்னிடம் இருந்தது ரான்சம்வேர் இல்லை. வைரஸ் இன்னொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு, நாம் அதைத் திறந்தால்தான் பரவும். வொர்ம் வேறு ஃபைலில் ஒட்டாமல் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு நெட்வொர்க் வழியாகவோ பென் டிரைவ் வழியாகவோ தாவும். ட்ரோஜன் வேஷம் போட்டு வரும், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) மாதிரி. ரான்சம்வேர் ஃபைலைப் பூட்டிவிட்டு, பணம் கேட்டுச் சீட்டும் வைத்துவிட்டுப் போகும். 2017 மே மாதம் வந்த வன்னாக்ரை, வொர்மும் ரான்சம்வேரும் சேர்ந்தது, பிட்காயினில் 300 டாலர் கேட்டது. வயநாட்டுத் தரியோடு பஞ்சாயத்து ஆபீஸைக்கூட விடவில்லை. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது.

என் கம்ப்யூட்டரில் பூட்டும் இல்லை, சீட்டும் இல்லை. கொண்டுபோன அன்று காலைகூட டேலி ஒழுங்காகத் திறந்தது! கணக்கை அழித்தது வைரஸ் இல்லை, அவர் போட்ட ஃபார்மட். பென் டிரைவில் மார்ச் வரைக்கும் பேக்கப் இருந்தது, அதற்குப் பிந்தைய நாலு மாதக் கணக்கை இப்போது எடைச் சீட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ரான்சம்வேர் என்று யாராவது சொன்னால் பணம் கேட்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், பூட்டின ஃபைலைக் காட்டச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை வேறொன்றில் காப்பி எடுக்காமல் ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள். பில் வாங்குங்கள், நான் வாங்கவில்லை.

அந்த ஆன்டி வைரஸும் 30 நாள் ட்ரையல்தான். திரும்பப் போய்க் கேட்டேன். மனுஷன் கொஞ்சமும் கூசவில்லை. "கோவிச்சுக்காதீங்கண்ணே, அடுத்த தடவை ஃபார்மட் ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன்."