பிரைம் லென்ஸா, முக்காலியா: நண்பர்களோடு இரவில் நகரத்தைப் படமெடுப்பவர்களுக்கு

விளக்கொளியில் நிற்கும் கோபுரங்களையும் பாலங்களையும் பழைய கட்டடங்களையும் படமெடுக்க நண்பர்கள் கூடிப் புறப்படும்போது, கேமராவோடு வந்த கிட் லென்ஸின் எல்லை விரைவிலேயே தெரிந்துவிடும். அடுத்து எதை வாங்குவது என்று யோசிக்கையில் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் எதிரெதிரே வந்து நிற்கின்றன: எஃப்/1.8 அளவுக்கு (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) அகலமாகத் திறக்கும், ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்று. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய எடையில், ஆனால் உறுதியாக நிற்கும் முக்காலி ஒன்று. இவற்றில் நான் வாங்கியது முக்காலி. இன்றும் அதற்கே என் வாக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படிக்கவும்.

வெளிச்சக் கணக்கை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ஒளியூட்டப்பட்ட ஒரு கட்டட முகப்பை ஐ.எஸ்.ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 என்ற அமைப்பில் எடுக்க 4 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே முகப்பை எஃப்/1.8 லென்ஸால் கையில் பிடித்தபடி 1/60 விநாடியில் எடுக்க, ஐ.எஸ்.ஓ 1200-ஐ ஒட்டி வைத்தால் போதும். இன்றைய கேமராக்கள் அந்த அளவுக்கு முகம் சுளிப்பதில்லை. ஆகவே முக்காலி இல்லாமல் இரவுப் படமே எடுக்க முடியாது என்ற பழைய பேச்சு இப்போது செல்லாது. முக்காலி தருவது வெளிச்சத்தை அன்று, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, சுருக்கும் சுதந்திரத்தை.

நண்பரையும் பின்னால் உள்ள கட்டடத்தையும் ஒரே படத்தில் எடுக்க முயலும்போதுதான் அந்தச் சுதந்திரத்தின் அருமை புரியும். ஃபிலிம் சட்டத்தின் அளவுக்குச் சென்சார் கொண்ட முழுச்சட்ட கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் திறந்து, 3 மீட்டர் தொலைவில் நிற்பவர் மீது ஃபோகஸ் செய்தால், தெளிவு ஏறத்தாழ மூன்றரை மீட்டரோடு முடிந்துவிடுகிறது. பார்க்க வந்த கட்டடமோ ஒளிப்பொட்டுகளாகக் கரைந்து பின்னணியாகிவிடும். எஃப்/8-க்குச் சுருக்கி 5 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், இரண்டரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து முடிவிலி வரை எல்லாம் தெளிவாக விழும். முகத்தை மட்டும் விரும்புகிறவருக்கு முதல் முறையே அழகு. ஊருக்கே அடையாளமான ஒரு கட்டடத்தின் முன் நின்றதற்குச் சான்று வேண்டுமென்றால் இரண்டாவதுதான் வழி. நிற்பவர் சில விநாடி அசையாமலிருக்க வேண்டும் என்பது இதற்கான விலை. சிரிப்பை அடக்கத் தெரியாத நண்பர் கூட்டத்தில் அது சிறிய விலை அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாகன விளக்குகள் கோடுகளாக ஓடுவதும் தெருவிளக்குகள் நட்சத்திரமாகக் கூர்முனை விரிப்பதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் மின்னும் விளக்குகளின் நடத்தையைப் பலர் கவனிப்பதில்லை. ஈஃபிள் கோபுரத்தில் இருட்டிய பின் ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் 5 நிமிடம் 20,000 விளக்குகள் மின்னுகின்றன. 1/60 விநாடியில் எடுத்தால் அந்தக் கணத்தில் மின்னியவை மட்டும் ஆங்காங்கே தெரியும். 4 விநாடி திறந்து வைத்தால் அடுத்தடுத்து மின்னியவை எல்லாம் சேர்ந்து கோபுரத்தை முழுக்க மூடிவிடும். நாம் நேரில் கண்டதற்கு எது நெருக்கம் என்று கேட்டால் என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

இவையெல்லாம் படத்தைப் பற்றியவை. என் முடிவைத் தீர்மானித்தது படம் அன்று; ஒரு கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பொருள் பயன்படும் என்ற கேள்வியே. லென்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட மவுன்ட்டுக்கு, அதாவது கேமராவில் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கு, கட்டுப்பட்டது. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுன்ட் வேறு, 2018-இல் வந்த இசட் மவுன்ட் வேறு. கேனன் 1987-இல் இஎஃப் மவுன்ட்டுக்கும் 2018-இல் ஆர்எஃப் மவுன்ட்டுக்கும் மாறியது. அடாப்டர் வைத்துப் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தலாம் என்றாலும், ஒரு நிறுவனத்தின் லென்ஸை மற்றொரு நிறுவனத்தின் கேமராவில் ஆட்டோஃபோகஸோடு இயக்குவது எளிதில் கைகூடுவதில்லை. நான்கு பேர் நான்கு வகைக் கேமராவோடு வந்தால், ஒருவரின் அருமையான லென்ஸ் மற்ற மூவருக்கும் வேடிக்கைப் பொருள். முக்காலித் திருகோ கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி என்ற அளவில் ஐஎஸ்ஓ 1222 என்னும் சர்வதேசத் தரநிலையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. தாத்தா காலத்து ஃபிலிம் கேமராவும் நேற்று வாங்கிய மிரர்லெஸ்ஸும் அதில் ஒன்றுபோல ஏறும், கிளாம்ப் ஒன்று சேர்த்தால் கைப்பேசியும் ஏறும்.

ஆனால் பகிர்ந்துகொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. வானம் ஆழ்ந்த நீலமாகவும் கட்டட விளக்குகள் கண்ணைக் கூசாமலும் இருக்கும் பொழுது, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 4 பாகையிலிருந்து 8 பாகை வரை இறங்கும் இடைவெளியில் அடங்கிவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அது கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்குள் நான்கு பேர் ஒரே முக்காலியில் மாறி மாறி எடுக்க வேண்டும். இங்கே நேரத்தைத் தின்பது எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) அன்று, கேமராவை மாற்றுவது. கேமராவின் அடியில் திருகி முக்காலியில் பூட்டும் தட்டு ஒன்றையே நான்கு கேமராக்களுக்கும் கழற்றிக் கழற்றி மாட்டினால், இருட்டில் நாணயத்தால் திருகைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்துவிடும். ஆர்கா-ஸ்விஸ் என்ற பரவலான வடிவத்தில் தட்டு ஒவ்வொருவரின் கேமராவிலும் முன்கூட்டியே ஏறியிருந்தால், முக்காலித் தலையின் கிளாம்பைத் தளர்த்தி, ஒன்றை உருவி, அடுத்ததைப் பள்ளத்தில் இறக்கி முடுக்குவதற்குச் சில விநாடிகள் போதும். சட்டகமும் அப்படியே இருப்பதால் அடுத்தவர் முதலிலிருந்து கோணம் தேட வேண்டியதில்லை.

நெடுநேர எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிக் கறை) குறைப்பு வசதியையும் அணைத்துவிடுவது நல்லது. அது இயங்கினால், 10 விநாடிப் படத்துக்குப் பின் ஷட்டரை மூடியபடி இன்னொரு 10 விநாடி இருட்டுப் பிரதி ஒன்றைக் கேமரா எடுத்துக்கொண்டிருக்கும். வரிசையில் நிற்பவர் கேமராவையும் முறைப்பார், உங்களையும் முறைப்பார். எல்லோரிடமும் ஒரே மவுன்ட் கேமராக்கள் இருக்கும் கூட்டமென்றால் லென்ஸையும் பகிரலாம் என்பதால், என் வாதத்தில் பாதி அங்கேயே சரிந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லென்ஸ் வெல்லும் இடங்கள் இருக்கின்றன. உயரமான கட்டடங்களின் பார்வைத் தளங்கள் பலவற்றில் முக்காலிக்கு அனுமதி இல்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடமும் அதற்கு விலக்கன்று. ஆட்கள் நடந்தபடியே பேசிச் சிரிக்கும் காட்சிகளுக்குக் கையில் பிடிக்கும் லென்ஸே ஏற்றது. கேமராவின் அசைவுத் தடுப்பு நம் கைநடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும், எதிரே நடப்பவரை அது நிறுத்தாது. மறுவிற்பனையிலும் லென்ஸின் கையே ஓங்கியிருக்கிறது. கால் பூட்டுகள் தேய்ந்த முக்காலியை வாங்க எளிதில் யாரும் வருவதில்லை. நடைபாலங்களில் முக்காலி தன் பலவீனத்தைக் காட்டும். நண்பர் ஒருவர் பக்கத்தில் உலாவினாலே தளம் அதிர்ந்து விளக்குகள் இரட்டையாக விழும் என்பதால், ஷட்டர் திறந்திருக்கும் வரை எல்லோரையும் நிற்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்பன் ஃபைபர் கால்களை நான் இரவல் வாங்கித்தான் பயன்படுத்தியிருக்கிறேன். எடை குறைவு என்பதைத் தாண்டி அவற்றின் நீண்டகால உழைப்பைப் பற்றி என் சொல்லை நம்ப வேண்டாம். கைப்பேசியின் இரவு முறை பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. சில கைப்பேசிகள் அசைவின்றி நிற்பதை உணர்ந்தால் எக்ஸ்போஷர் நேரத்தைத் தாமே நீட்டிக்கொள்கின்றன. ஆனால் பெரிய அளவில் அச்சிட்டுப் பார்த்த பழக்கம் எனக்கு இல்லாததால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. முக்காலி வாங்குவதென்றால், நடுத்தண்டை உயர்த்தாமலேயே வ்யூஃபைண்டர் கண்ணுக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடுங்கள். நடுத்தண்டை முழுக்க உயர்த்திய பின் மூன்று கால்களின் உறுதி ஒற்றைக் காலின் ஆட்டமாகிவிடுகிறது. கையிருப்பில் மிச்சம் இருந்தால் தட்டுகளைக் கூடுதலாக வாங்கி, கூட வருகிறவர்களின் கேமராக்களில் புறப்படும் முன்பே மாட்டிவிடலாம்.