ப்ரோமிதியஸ்: மூன்று வருடம் ஓட்டிய அனுபவம், டிஸ்க் கணக்கு மட்டும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஈஆர்பி (ஆர்டர், கணக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்), சம்பளம், பண்டில் ஸ்கேனிங் (துணிக் கட்டுகளை லைனில் ஸ்கேன் செய்து பதிவது), பேக்கப் எல்லாம் சேர்த்து 22 சர்வர்கள். சிபியு, மெமரி, டிஸ்க் வேகம், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் என்று எல்லாவற்றையும் 15 விநாடிக்கு ஒருமுறை அளந்து வைக்க மூன்று வருடமாக ப்ரோமிதியஸ் ஓட்டுகிறேன். இலவச மென்பொருள். அலெர்ட், கிராஃப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அளந்து வைத்த அந்த டேட்டா எவ்வளவு இடம் பிடிக்கிறது, அதை எப்படி அடக்குவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இதற்கு முன் இதே வேலைக்கு காக்டி என்ற மென்பொருளை வைத்திருந்தேன். அது எழுதும் ஆர்ஆர்டி ஃபைலுக்கு உருவாகும்போதே அளவு நிர்ணயமாகிவிடும். பத்து வருடம் ஓடினாலும் ஒரு கேபி கூடாது. பழைய டேட்டா சராசரியாகச் சுருங்கிக்கொண்டே போகும். அந்தப் பழக்கத்தில் ப்ரோமிதியஸுக்கு வந்ததால்தான் நான் அடிபட்டேன்.

ப்ரோமிதியஸ் எதையும் சுருக்காது. போன மாதத்து அளவும் இன்றைய அளவும் அதே 15 விநாடி நுணுக்கத்தில் கிடக்கும். ஆனால் ஒவ்வோர் அளவையும் எழுதும் விதம் மிகச் சிக்கனம். முந்தைய எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது. 2015-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட கொரில்லா கட்டுரையில் உள்ள வழி அது. ஓர் அளவுக்குச் சராசரியாக 1 முதல் 2 பைட்தான் ஆகும். என்னிடம் சுமார் 35 ஆயிரம் சீரிஸ், அதாவது தனித்தனியாகத் தொடர்ந்து அளக்கப்படும் விஷயங்கள். 15 விநாடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 20 கோடி அளவுகள். 2 பைட் போட்டால் 400 எம்பி. இந்தப் பெருக்கலை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் இதை நிறுவக் கூடாது.

நான் போட்டுப் பார்க்கவில்லை. எதுவும் சொல்லாவிட்டால் அது 15 நாள் டேட்டாவை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். எனக்கு அது போதவில்லை என்று ரிடென்ஷன் டைமை ஒரு வருடமாக்கினேன். ரிடென்ஷன் சைஸ் என்று இன்னொரு வரம்பு இருக்கிறது. நாமாகக் கொடுக்காவிட்டால் டிஸ்கில் பிடிக்கும் இடத்துக்கு வரம்பே கிடையாது. அதைத் தொடவில்லை. போதாததற்கு, ஸ்கேனிங் டேட்டாபேஸ் இருந்த அதே சர்வரில், டிஸ்கின் அதே ஸ்லாஷ் வார் (/var) பார்ட்டிஷனில் நிறுவியிருந்தேன்.

ஏழு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு நாள் இரவு ஒன்றே முக்காலுக்கு நைட் ஷிஃப்ட் இன்சார்ஜ் கூப்பிட்டார். "சார், பண்டில் ஸ்கேன் எடுக்கவே மாட்டேங்குதுங்க. லைன் நிக்குதுங்க." உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்லாஷ் வார் 100 சதவீதம். 150 ஜிபியில் ப்ரோமிதியஸ் ஃபோல்டர் மட்டும் 104. அதற்குள் வால் (WAL) என்றொரு ஃபோல்டர் உண்டு. புதிதாக வரும் அளவுகள் பிளாக்காக (குறிப்பிட்ட காலத்து டேட்டா சேர்ந்த தொகுப்பு) மாறும் முன் முதலில் அங்கேதான் எழுதப்படும். வழக்கமாக 500 எம்பியைத் தாண்டாதது, அன்று 6 ஜிபி.

அந்த நேரத்தில் எதை அழிப்பது என்பது பெரிய கேள்வி. ஒவ்வொரு பிளாக்கும் 26 எழுத்துப் பெயர் கொண்ட ஒரு ஃபோல்டர். பெயர் வரிசையில் முதலில் இருப்பதுதான் பழையது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பெயரில் இருப்பது பிளாக் உருவான நேரம். சின்னச் சின்ன பிளாக்குகளைச் சேர்த்துப் பெரிதாக்கும்போது புதுப் பெயர் வந்துவிடும். உள்ளே மெட்டா என்ற சின்ன ஃபைலில் மின்டைம், மேக்ஸ்டைம் என்று மில்லிவிநாடிக் கணக்கில் இரண்டு எண்கள் இருக்கும். அவைதான் உண்மை. ப்ரோமிதியஸை நிறுத்திவிட்டு, அதைப் பார்த்து, இருப்பதிலேயே பழைய 20 நாள் பிளாக்கை எடுத்தேன். 6 ஜிபி விடுபட்டது, ஸ்கேன் ஓடியது. லைன் 50 நிமிடம் நின்றிருந்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு அந்த 50 நிமிடம் கூலியில் போகும். இன்றும் எனக்கு அது உறுத்தல்தான்.

மறுநாள் காலையில் காரணத்தைத் தேடினேன். இந்த இடத்தில் ப்ரோமிதியஸைப் பாராட்டியே ஆக வேண்டும். அதன் வெப் பக்கத்திலேயே டிஎஸ்டிபி ஸ்டேட்டஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த லேபிளில் (அளவோடு ஒட்டும் அடையாளக் குறிப்பு; அதில் புது மதிப்பு வந்தால் புது சீரிஸ்) எத்தனை வேறு வேறு மதிப்புகள் என்று வரிசைப்படுத்திக் காட்டும். முதல் இடத்தில் பண்டில் நம்பர், 54 ஆயிரத்துச் சொச்சம். ஸ்கேன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் ஹிஸ்டோகிராமில் (நேரத்தைப் பல வரம்புகளாகப் பிரித்து எண்ணுவது) பண்டில் நம்பரையும் லேபிளாகச் சேர்த்திருந்தார்கள், அந்த அப்ளிகேஷனை எழுதியவர்கள். ஒரு பண்டிலுக்குப் பதினைந்துக்கு மேல் புது சீரிஸ். நாளைக்கு மூவாயிரம் பண்டில் என்றால் நீங்களே கணக்குப் போடுங்கள். முடிவில்லாமல் மாறும் எதையும், பில் நம்பரோ ஆர்டர் நம்பரோ, லேபிளில் வைக்கவே கூடாது.

இப்போதைய அமைப்பு: தனி சர்வர், தனியாக 60 ஜிபி பார்ட்டிஷன், ரிடென்ஷன் டைம் 60 நாள், ரிடென்ஷன் சைஸ் 48 ஜிபி. எது முதலில் தொடுகிறதோ அது வேலை செய்யும். டிஸ்கில் 80 முதல் 85 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று ப்ரோமிதியஸின் ஆவணமே சொல்கிறது. காரணம் இருக்கிறது: வால் ஃபோல்டர் கணக்கில் சேரும், ஆனால் வரம்பு தாண்டினால் அழிக்கப்படுவது பழைய பிளாக்குகள் மட்டுமே. அழிப்பதும் உடனே நடக்காது, இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். கூடவே ஸ்கேனிங் அப்ளிகேஷனுக்கு சாம்பிள் லிமிட் (ஒரு தடவையில் வரக்கூடிய அளவுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு) 3,000 வைத்தேன். தாண்டினால் அந்த அப்ளிகேஷனின் அளவுகள் எதுவுமே பதிவாகாது. முரட்டுத்தனம்தான், ஆனால் தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். இன்று ஃபோல்டர் 19 ஜிபியில் நிற்கிறது.

எனக்குள்ள பெரிய குறை, ஒரே ப்ரோமிதியஸில் முக்கியமான பத்து அளவுகளை மட்டும் இரண்டு வருடம் வைத்துக்கொள், மற்றதை 60 நாளில் அழி என்று சொல்ல நான் ஓட்டும் பதிப்பில் வழி இல்லாதது. ப்ரோமிதியஸோடு ஓட்டும் தானோஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தால் சுருக்கிய டேட்டா கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், ஆனால் அது வேகமாகப் பார்ப்பதற்கு. மூல டேட்டாவுக்கு மேல் கூடுதல் பிளாக்குகளாகத்தான் வரும், இடம் மிச்சமாகாது. எங்கள் அளவுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பதிலாக, இரண்டாவதாக ஒரு சின்ன ப்ரோமிதியஸ் ஓட்டுகிறேன். பெரியதிலிருந்து ஃபெடரேஷன் வழியாக 300 சீரிஸை மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வைக்கிறது. ஒன்றரை வருட டேட்டா இன்னும் ஒரு ஜிபியைத் தொடவில்லை.

போன மாதம் ஈஆர்பி சர்வருக்கு மெமரி கேட்டபோது, "போன தீபாவளி ஷிப்மென்ட்டுக்கு எப்படி இருந்துச்சு?" என்று முதலாளி கேட்டார். அந்தச் சின்னதிலிருந்துதான் கிராஃப் எடுத்துக் காட்டினேன். 64 ஜிபிக்கு அன்றே கையெழுத்துப் போட்டார்.