றெக்கை ஒட்டுற ஜிக்: ரெண்டு வருஷ கடுப்பு

பெரம்பூர்ல இருக்குற ஃப்ரெண்டு நேத்து நைட்டு கேட்டான், "மச்சி, அம்புக்கு றெக்கை ஒட்டுற அந்த ஜிக் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டுமா?"ன்னு. ஜிக்னா றெக்கை சரியான இடத்துல ஒட்டுறதுக்கு அம்பைப் புடிச்சு வைக்கிற சின்ன கருவி. அவன் கேட்ட நேரம் நான் அதே ஜிக்கை பிரிச்சு போட்டுட்டு கட்டிலுக்கு அடியில ஸ்பிரிங் தேடிட்டு இருந்தேன், அதனால கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் ஒட்டுறது 4 இன்ச் வான்கோழி றெக்கை. நம்ம வில்லுல ரெஸ்ட், அதாவது அம்பைத் தாங்குற தனி முட்டு கிடையாது, அம்பு வில்லு மேலயே உக்காந்து போகும், றெக்கைன்னா உரசுறப்ப மடங்கி வழி விட்டுடும், றெக்கைக்குப் பதிலா ஒட்டுற பிளாஸ்டிக் இதழ்னா (vane) தட்டி அம்பையே திருப்பி விட்டுடும்.

இந்த ஜிக்குக்கு இருக்குறதே ஒரே ஒரு வேலை. அம்புக்கு மூணு றெக்கை, ஒண்ணு ஒட்டி காஞ்சதும் குமிழைத் திருப்புனா டிக்குன்னு 120 டிகிரில போய் நிக்கணும், அவ்ளோதான். வாங்குன வருஷம் மழை முடியறதுக்குள்ள அந்த டிக்கு செத்துப்போச்சு. தண்டையார்பேட்டை கடல் காத்துக்கு ஜன்னல் கம்பியே உதிருது, உள்ள இருக்குற தம்மாத்தூண்டு ஸ்பிரிங்கும் குண்டும் எம்மாத்திரம்? குமிழ் சும்மா லொடலொடன்னு சுத்துது. மூணாவது றெக்கை ரெண்டாவதுக்குப் பக்கத்துல சாஞ்சு உக்காந்துருக்கு, அது தெரியாம நாலு அம்பு ஒட்டி முடிச்சு 18 மீட்டர்ல விட்டா ஒவ்வொண்ணும் வாலை ஆட்டிட்டே போகுது. நாலையும் சுரண்டணும். அம்போட கார்பன் தண்டுல பிளேடை அழுத்தக்கூடாது, லைட்டர் காட்டவும் கூடாது, நார் பிரிஞ்சா சிலாம்பு விரல்ல ஏறிடும், நகத்தாலயும் மொக்கை கத்தியாலயும் பொறுமையா பழைய பசையை எடுத்தேன், ஞாயித்துக்கிழமை மொத்தமும் காலி.

இப்போ பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை பாதியா வெட்டி, சைக்கிள் கடையில குடுத்த பொடி பால்ஸ் ஒண்ணு, மேல கொஞ்சம் கிரீஸ். டிக்கு வந்துடுச்சு, முன்ன இருந்ததை விட சத்தமாவே.

ஒட்டுறப்ப றெக்கையைக் கவ்விப் புடிக்கிற கிளாம்பைக் குறை சொல்ல மாட்டேன். காந்தம் முதல் நாள் மாதிரியே பச்சக்குன்னு புடிக்குது, றெக்கைக்கு அது குடுக்குற வளைவு கையால ஜென்மத்துக்கும் வராது. ஆனா பறவையோட வலது பக்க றெக்கைக்கு வலது கிளாம்புதான், நான் அவசரத்துல இடது றெக்கை பாக்கெட் வாங்கிட்டு வந்து முழிச்சது தனிக்கதை. ஒட்டி முடிச்சதும் றெக்கையோட முன் நுனியில ஒரு சொட்டு பசை வச்சுடுங்க, இல்லன்னா அம்பு போறப்ப அங்க நீட்டிட்டு இருக்குற றெக்கைத் தண்டு முள்ளு மாதிரி கையைக் கீறிட்டுப் போகும்.

நெஜமா சந்தோஷம் குடுத்தது ஜிக்கே இல்ல, இட்லி குண்டான். நசுங்கி சப்பையாப் போன றெக்கையை ஆவியில அரை நிமிஷம் சுத்திச் சுத்தி காட்டுனா ஒவ்வொரு இழையா எழுந்து நிக்குது, மழையில நனைஞ்ச காக்கா உதறிக்கிற மாதிரி. பாதி அம்புக்கு றெக்கை மாத்தவே தேவையில்லன்னு இதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. அம்மாதான், "இட்லி வேகுது, கோழி மயிரை எடுத்துட்டு அந்தாண்ட போடா"ன்னாங்க.

ஃப்ரெண்டுக்கு என் பதில்: வாங்காத. என்னுதைக் கடன் கேக்காத, தரமாட்டேன்.